பண்ணை வீட்டில் நீச்சல் குளம்: தருமபுரி, கிருஷ்ணகிரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை, தளி, ராயக்கோட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் இப்போது பண்ணை வீடுகள் கண்ணில் படுகின்றன. சனி, ஞாயிறுக்கு பெங்களூரிலிருந்து குடும்பத்தோடு வருகிறவர்கள் போனில் கேட்கும் முதல் கேள்வியே "பூல் இருக்கா?" என்பதுதான். அதற்காகவே மாந்தோப்புக்கு நடுவில் குளம் தோண்டுகிறார்கள். ஒகேனக்கல் போகும் வழியில் தங்கும் விடுதி நடத்துபவர்களுக்கும் இதே ஆசை.

குளம் கட்டுவதில் தப்பே இல்லை. ஆனால் கட்டுவதற்கு வாங்கும் அனுமதி வேறு, கட்டிய குளத்தில் வெளியாட்களை இறங்கவிட வாங்கும் அனுமதி வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் எல்லாத் தவறுக்கும் வேர். முதலாவதையே வாங்காதவர்கள் பலர். முதலாவதை வாங்கிவிட்டு இரண்டாவதை மறந்தவர்கள் அதைவிடப் பலர்.

நிலத்திலிருந்தே தொடங்குவோம். பட்டாவில் புன்செய் என்று இருக்கும். "என் பெயரில் பட்டா இருக்கு, யாரைக் கேட்கணும்?" என்று மேஸ்திரியைக் கூப்பிட்டு வேலையை ஆரம்பித்துவிடுவார்கள். விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற வேண்டுமென்றால், 1971-ம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-ஏ பிரிவு குறுக்கே வரும். திட்டப் பகுதிக்கு வெளியே இருக்கும் கிராமங்களுக்கு இதற்கென 2017-ல் தனி விதிகளும் போடப்பட்டன. நகர் ஊரமைப்புத் துறையின் இசைவு வேண்டும். நன்செய் என்றால் மாவட்ட ஆட்சியர் வரை கோப்பு போகும். சொந்தக் குடும்பம் தங்க ஒரு வீடு என்பதும், நாள் வாடகைக்கு விடும் இடம் என்பதும் அரசின் கண்ணில் ஒன்றல்ல. வாடகைக்கு விட்ட அன்றே அது வணிகப் பயன்பாடு.

நிலத்தைப் பார்க்கும்போது புல வரைபடத்தையும், கிராமத்து நில விவரப் பதிவேடான அ-பதிவேட்டையும் கையோடு வாங்கிப் பாருங்கள். இந்த இரண்டு மாவட்டத்திலும் மழைக்கு மட்டும் ஓடும் சின்னச் சின்ன ஓடைகள் நிறைய. வருஷத்தில் பத்து மாதம் காய்ந்து கிடப்பதால் அது தன் நிலம் என்றே எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். வரைபடத்தில் ஓடைப் புறம்போக்கு என்று கோடு போட்டிருக்கும். அதன் மேல் கட்டிய குளத்துக்கு எந்த அலுவலகமும் பிறகு அனுமதி தர முடியாது. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் பக்கம் என்றால் காடும் அருகில். காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014-லும், காவேரி தெற்கு 2022-லும் அறிவிக்கப்பட்டவை. மலைப்பகுதிப் பாதுகாப்புப் பட்டியலில் உங்கள் கிராமம் இருக்கிறதா, காப்புக்காட்டின் எல்லை எவ்வளவு தூரம் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் முன்பணம் கொடுக்க வேண்டும். கோடையில் யானைக்கும் தண்ணீர் வாடை தெரியும் என்பதை அந்தப் பக்கத்து விவசாயிகளே சொல்வார்கள்.

அடுத்தது, வரைபடத்தில் குளத்தைக் காட்டாமல் விடுவது. வீட்டுக்கு மட்டும் பிளான் போட்டு அனுமதி வாங்கிவிட்டு, பிறகு பின்பக்கம் காலியாக விட வேண்டிய இடத்தில் குளம் தோண்டுகிறார்கள். 2024-ல் வந்த, உரிமையாளரே உறுதிகூறி அனுமதி பெறும் சுயசான்று முறை 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்குள் கட்டும் குடியிருப்புக்கானது. அதைக் காட்டி வாடகை விடுதியையும் குளத்தையும் நியாயப்படுத்த முடியாது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ல் வந்ததிலிருந்து ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி எல்லாவற்றுக்கும் ஒரே விதிதான். "ஊராட்சித் தலைவர் வாய்மொழியாச் சரின்னுட்டார்" என்பதற்கு எந்த மதிப்பும் இல்லை. ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்து, குளம் எங்கே, எத்தனை ஆழம், வடிகால் எந்தப் பக்கம் என்று பிளானிலேயே காட்டி வாங்குங்கள். கழிவுநீர்த் தொட்டியும் உறிஞ்சு குழியும் குளத்துக்கு எந்தப் பக்கம் என்பதையும் அதிலேயே குறியுங்கள். அவை குளத்தைவிட மேட்டில் இருக்கவே கூடாது.

தோண்டும்போது ஒரு சிக்கல். நம் ஊரில் நாலடிக்குக் கீழே பாறை. பக்கத்து குவாரியில் வேலை செய்யும் ஒருவரை அழைத்து வந்து, நாலு குழி போட்டு வெடி வைக்கிறார்கள். வெடிமருந்து வாங்க, வைத்திருக்க, வெடிக்க ஒவ்வொன்றுக்கும் உரிமம் உண்டு. அது இல்லாமல் செய்தால் குற்ற வழக்கு. உடைக்கும் இயந்திரத்தை வாடகைக்கு எடுங்கள், செலவு கூடினாலும் பரவாயில்லை. தோண்டிய கிராவலையும் கல்லையும் லாரியில் ஏற்றி விற்பதும் தவறுதான். சொந்த நிலத்து மண் என்றாலும் வெளியே கொண்டுபோக கனிமவளத் துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். வழியில் மடக்கினால் லாரியைப் பிடித்து வைப்பார்கள்.

தண்ணீர் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். 30 அடி நீளம், 15 அடி அகலம், சராசரி 4 அடி ஆழம் என்றால் 1,800 கன அடி, அதாவது கிட்டத்தட்ட 51,000 லிட்டர். வடிகட்டி வைத்த குளத்தில் இந்தத் தண்ணீரை மாதக்கணக்கில் சுற்றவிடலாம். ஆவியாகும் அளவை மட்டும் நிரப்பினால் போதும். ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் 200 லிட்டர் சொச்சம். ஆனால் வடிகட்டிக்கு ஆகும் செலவை மிச்சம் பிடிக்கிறேன் என்று பலர் அதை வைப்பதே இல்லை. வாரத்துக்கு ஒருமுறை முழுத் தண்ணீரையும் திறந்துவிட்டு, மறுபடி போர் மோட்டாரை ஓட்டி நிரப்புகிறார்கள். வாரம் 51,000 லிட்டர்! ஆயிரம் அடி துளைத்தும் ஈரமில்லாமல் போர்க்குழி கைவிடப்படும் ஊரில் இதைப் பார்க்க மனசு பொறுக்கவில்லை.

புதிதாகப் போர் போடவும் முன் அனுமதி வேண்டும். குழந்தைகள் கைவிடப்பட்ட குழிகளில் விழுந்து இறந்த பிறகு, 2015-ல் இதற்கென்றே ஊராட்சிகளுக்கு விதி வந்தது. வணிகத்துக்கு நிலத்தடி நீர் எடுப்பதற்கு நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று தனி. தமிழ்நாட்டில் ஃபிர்கா (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு) வாரியாக நிலத்தடி நீர் நிலை வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. உங்கள் ஃபிர்கா, ஊறுவதைவிட அதிகம் எடுக்கப்படும் மிகை நுகர்வுப் பட்டியலில் இருந்தால் குளம் என்ற யோசனையையே மறுபடி எடை போடுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி ஃபிர்காக்கள் பலவற்றின் நிலை அப்படித்தான்.

ஊராட்சிக் குழாயிலிருந்து குளத்தை நிரப்புவது இன்னொன்று. இதை நான் கடுமையாகவே சொல்வேன். நம் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிநீருக்கு ஆகாது என்பது தர அளவு. அதைத் தாண்டிய தண்ணீரைக் குடித்துப் பல் கறைபட்டு, எலும்பு வளைந்த தலைமுறைகள் இங்கே இருக்கின்றன. அதற்காகத்தான் 1,928 கோடி ரூபாயில், ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃப்ளூரோசிஸ் தணிப்புத் திட்டம் வந்தது, 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. அந்தத் தண்ணீர் குழந்தைகளின் பல்லுக்கும் எலும்புக்கும் வந்தது. அதை மோட்டார் வைத்து உறிஞ்சிக் குளத்தில் கொட்டினால், குழாயின் கடைசியில் இருக்கும் வீட்டுக்குச் சொட்டுக்கூடப் போகாது.

மின்சாரத்திலும் இதே மாதிரி ஒரு பழக்கம். விவசாயத்துக்கான இலவச இணைப்பிலிருந்து குளத்து மோட்டாரையும் விளக்கையும் ஓட்டுவது. அது அனுமதிக்காத பயன்பாடு. 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவில், பொருந்தும் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு மதிப்பிட்டு வசூலிக்கலாம். எப்போதிருந்து என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்குக் கணக்கிடுவார்கள். பணத்தைவிடப் பெரிய விஷயம் உயிர். ஈரக்காலோடு தொடும் இடத்தில் மின்கசிவு வந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவு காப்பான் இல்லாமல் இணைப்பு கொடுக்கவே கூடாது. தண்ணீருக்குள் இருக்கும் விளக்கு 12 வோல்ட்தான். ஏணி, கைப்பிடி, மோட்டார் உடல், கம்பி எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்து எர்த் செய்ய வேண்டும். உள்ளூர் வயர்மேனிடம் இதைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள், வீட்டு வயரிங் மாதிரி செய்துவிட்டுப் போய்விடுவார்.

இனி நடத்துவது. 2012-ல் சென்னையில் ஒரு பள்ளியின் நீச்சல் குளத்தில் நான்காம் வகுப்புச் சிறுவன் மூழ்கி இறந்தான். தமிழ்நாட்டில் நீச்சல் குளங்களுக்கெனத் தனி விதிகள் வந்தது அதன் பிறகுதான். பணம் வாங்கி ஆட்களை இறங்கவிடும் குளம் எதுவானாலும் அதற்கு உள்ளாட்சி அமைப்பின் உரிமம் வேண்டும். ஓசூர் என்றால் மாநகராட்சி, கிருஷ்ணகிரி, தருமபுரி நகரங்களுக்குள் என்றால் நகராட்சி, கிராமத்தில் என்றால் ஊராட்சி, ஊராட்சி ஒன்றிய அலுவலகம் என்று எங்கே போக வேண்டும் என்பது இடத்தைப் பொறுத்து மாறும். கட்டட அனுமதி எண்ணை ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டுவது இதற்குப் பதிலாகாது.

"குளிப்பவர் பொறுப்பில், நிர்வாகம் பொறுப்பல்ல" என்று ஒரு போர்டு. இதைவிட ஆபத்தான நம்பிக்கை இல்லை. அலட்சியத்தால் மரணம் நேர்ந்தால் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை. போர்டைக் காட்டி அதிலிருந்து தப்ப முடியாது. உண்மையில் செய்ய வேண்டியது இதுதான்: குளத்தைச் சுற்றி நாலடி உயர வேலி, தானே மூடிக்கொள்ளும் கதவு. தாழ்ப்பாள் சின்னக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில். ஆழம் எத்தனை அடி என்று கரையில் பெரிதாக எழுதுங்கள், ஆழம் மாறும் இடத்தில் தரையில் கோடு. ஒன்பதடிக்குக் குறைவான ஆழத்தில் தலைகீழாகக் குதிக்கவே விடாதீர்கள், கழுத்தெலும்பு உடைந்தவர்கள் வாழ்நாள் முழுக்கப் படுக்கையில் இருக்கிறார்கள். மிதவை வளையமும் நீளக் கம்பும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். வாட்ச்மேனையே உயிர்காப்பாளர் என்று கணக்குக் காட்டாதீர்கள். நீச்சலும் முதலுதவியும் தெரிந்தவர் ஒருவர் குளம் திறந்திருக்கும் நேரம் முழுக்கக் கரையில் நிற்க வேண்டும், அவருக்குச் சமையலறையிலோ கேட்டிலோ வேறு வேலை கொடுக்கக் கூடாது.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து தரையில் இருக்கும் உறிஞ்சு துளை. ஒரே ஒரு துளை, மேலே தட்டையான மூடி என்று வைத்தால், மோட்டார் ஓடும்போது ஒரு சிறுமியின் முடியோ குழந்தையின் வயிறோ ஒட்டிக்கொள்ளும். பெரியவரால்கூட இழுத்து எடுக்க முடியாது. மூன்றடி இடைவெளியில் இரண்டு துளைகள், குமிழ் வடிவ மூடி, கரையிலேயே மோட்டாரை நிறுத்தும் ஸ்விட்ச். கட்டும்போதே செய்துவிட்டால் சொற்பச் செலவு. பிறகு செய்வதென்றால் தரையை உடைக்க வேண்டும்.

குளோரின் விஷயத்தில் கண்ணளவு வேண்டாம். தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 7.2-லிருந்து 7.8-க்குள், குளோரின் 1-லிருந்து 3 பி.பி.எம்.-க்குள் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்). இதைச் சோதிக்கும் கிட் சில நூறு ரூபாய்தான். 51,000 லிட்டருக்கு 1 பி.பி.எம். ஏற்ற 51 கிராம் குளோரின் வேண்டும், 30 சதவீத பிளீச்சிங் பவுடர் என்றால் 170 கிராம். மூட்டை பழசாகிவிட்டால் சக்தி குறைந்திருக்கும். வாளியில் முதலில் தண்ணீர், பிறகு பவுடர். கரைந்து தெளிந்ததை மட்டும் மாலையில் ஊற்றுங்கள், பகல் வெயிலில் குளோரின் சிதைந்து போய்விடும். நம் போர் தண்ணீர் உப்பும் கடினமும். பிளீச்சிங் பவுடர் பி.எச்.-ஐ இன்னும் ஏற்றும். பி.எச். 7.5-ல் குளோரினில் பாதிதான் கிருமியைக் கொல்லும் வடிவில் இருக்கும், 8-ல் ஏறக்குறைய கால்வாசி. அதனால்தான் எவ்வளவு கொட்டினாலும் பாசி பிடிக்கிறது. கண் எரிந்து, மூக்கைத் துளைக்கும் வாடை வந்தால் சுத்தமாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து எழும் வாடை அது. ஆசிட் வாளியில் பவுடரைப் போட்டுவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும். இரண்டையும் ஒரே அறையில் அடுக்கவும் கூடாது. ஆழமான பக்கத்தின் தரைத் துளை மேலிருந்து பார்த்தால் தெளிவாகத் தெரிய வேண்டும், தெரியாத நாளில் யாரையும் இறக்காதீர்கள். மூழ்கிக் கிடப்பவர் கண்ணில் பட மாட்டார்.

பண்ணைக் குட்டையைக் குளமாகக் காட்டி ஆட்களை இறக்குவது சமீபத்தில் வந்த பழக்கம். ரோஜா, தக்காளித் தோட்டங்களுக்காக வெட்டி, பாலித்தீன் விரிப்பு போட்ட குட்டைகள். நாலாபுறமும் சரிவு, ஈரமானால் விரிப்பில் கால் நிற்காது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்கூட கரையேற முடியாமல் களைத்து மூழ்குவார். பாசனக் குட்டையில் யாரையும் குளிக்க அனுமதிக்காதீர்கள். சுற்றி வேலி போட்டு, தவறி விழுந்தவர் பிடித்து ஏற நாலு பக்கமும் முடிச்சுப் போட்ட கயிறு கட்டித் தொங்கவிடுங்கள்.

குளத்துத் தண்ணீரை வெளியேற்றும்போதும் பார்த்துச் செய்யுங்கள். குளோரின் கலந்ததை நேராக ஓடையிலோ ஏரியிலோ விட்டால் மீன் சாகும். பக்கத்து நிலத்தில் பாய்ந்தால் பயிரும் உறவும் கெடும். மூன்று நான்கு நாள் குளோரின் போடாமல் வெயிலில் விட்டு, கிட்டில் குளோரின் காட்டாதபோது தென்னைக்கோ மாமரத்துக்கோ பாய்ச்சலாம். உப்பு அதிகமுள்ள தண்ணீராக இருந்தால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விட வேண்டாம். வடிகட்டியைக் கழுவும் அழுக்குத் தண்ணீருக்குத் தனியாக ஒரு குழி போதும், அதையும் பிளானில் காட்டிவிடுங்கள்.