வீட்டிலிருந்தே இணையதளம்: வடசென்னை வீடுகளுக்கு ஒரு செய்முறை விளக்கம்

வியாசர்பாடியில் கால்பந்து ஆடும் பிள்ளைகளின் குழு ஒன்று, தன் ஆட்ட அட்டவணையையும் முடிவுகளையும் படங்களையும் ஓர் இணையதளத்தில் வைக்க விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பக்கம், ஐம்பது படம். இதற்காக மாதாமாதம் வாடகை கொடுத்து எங்கோ ஓரிடம் பிடிக்க வேண்டியதில்லை. வீட்டில் சும்மா கிடக்கும் பழைய மடிக்கணினியே போதும். அதை ஊர் உலகம் வந்து பார்க்கக்கூடிய சர்வராக, அதாவது கேட்பவருக்குப் பக்கங்களை அனுப்பும் கணினியாக, மாற்றுவது எப்படி என்பதை இங்கே சொல்கிறேன். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

மென்பொருளை நிறுவுவது எளிது; அதைப் பிறகு பார்ப்போம். நம் பகுதி வீடுகளில் இந்த முயற்சி தடைப்படுவது இரண்டு காரணங்களால்: ஒன்று, இணைய இணைப்புக்குச் சொந்தமான பொது முகவரி (வெளியுலகம் உங்கள் வீட்டைத் தேடி வர உதவும் எண்) இல்லாதது. மற்றது, மின்தடையும் மழையும். ஒரு ரூபாய் செலவழிக்கும் முன்பே முதலாவதைச் சோதித்துவிடுங்கள்.

உங்கள் இணைப்புக்குத் தனி முகவரி இருக்கிறதா?

வீட்டு வைஃபையில் இணைந்த கைபேசியில் பிரவுசரைத் திறந்து, ரூட்டரின் உள்முகவரியைத் தட்டுங்கள். பெரும்பாலும் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். சரியான எண்ணும் கடவுச்சொல்லும் ரூட்டரின் அடிப்பக்க ஸ்டிக்கரில் அச்சிடப்பட்டிருக்கும். உள்ளே போனதும், வெளி இணைப்பைக் காட்டும் டபிள்யூஏஎன் என்ற பகுதியைத் தேடி, அங்கே காட்டும் ஐபி முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே கைபேசியில் ‘என் ஐபி முகவரி என்ன’ என்று கூகுளில் தேடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்கள் இணைப்புக்குப் பொது முகவரி உண்டு.

வேறுவேறாக இருந்தால், ரூட்டர் காட்டிய எண்ணின் தொடக்கத்தைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினாலோ, 10 என்று தொடங்கினாலோ, உங்கள் நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. இந்த ஏற்பாட்டின் பெயர் சிஜிநாட். வண்ணாரப்பேட்டையில் ஒரே கதவு எண்ணுக்குள் பத்துக் குடித்தனம் இருக்கும் பழைய வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவர் யாரும் தாராளமாக வெளியே போய் வரலாம். ஆனால் பெயர் எழுதாமல் வெறும் கதவு எண்ணை மட்டும் போட்டு வந்த கடிதத்தைத் தபால்காரர் எந்தக் குடித்தனத்தில் கொடுப்பார்? உங்கள் தளத்தைத் தேடி வெளியிலிருந்து வரும் கோரிக்கைக்கும் இதே கதிதான். ரூட்டரில் எத்தனை போர்ட்டை (வெளியிலிருந்து வருவதற்கான எண்ணிட்ட வாசலை) திறந்து வைத்தாலும் அது உங்கள் வீடு வரை வந்து சேராது.

இதில் யாருடைய வஞ்சனையும் இல்லை. ஐபி நான்காம் பதிப்பில் இருப்பவை மொத்தம் 429 கோடி முகவரிகளே. ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கான இருப்பு 2011 ஏப்ரலில் கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. அதன் பிறகு, 2012இல், நிறுவனங்கள் உள்ளுக்குள் பகிர்ந்துகொள்வதற்காகவே மேலே சொன்ன 100.64 தொகுதி ஒதுக்கப்பட்டது.

ஒரு சிறு எச்சரிக்கை. சில வீடுகளில் ஃபைபர் பெட்டி தனியாகவும் வைஃபை ரூட்டர் தனியாகவும் இருக்கும். அப்போது ரூட்டர் 192.168 என்று தொடங்கும் எண்ணைக் காட்டினால், அது அந்த ஃபைபர் பெட்டி கொடுத்த உள்முகவரியாகவே இருக்கக்கூடும். ஃபைபர் பெட்டியின் பக்கத்துக்குள் போய் இதே சோதனையைச் செய்த பிறகு முடிவுக்கு வாருங்கள்.

நம் தெருக்களில் பல வீடுகளுக்கு இணைப்புக் கொடுப்பவர் கேபிள் டிவிக்காரர்தான். அவரிடம் சுற்றி வளைக்காமல் இப்படிக் கேளுங்கள்: “அண்ணா, என் இணைப்பு சிஜிநாட்டுக்குள் இருக்கிறதா? நிலையான பொது ஐபி வேண்டுமென்றால் மாதம் எவ்வளவு ஆகும்?” அவருக்குத் தெரியாவிட்டாலும், மேலே யாரிடம் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். வீட்டுத் திட்டத்தில் சர்வர் வைக்க அனுமதி உண்டா என்பதையும் அதே பேச்சில் கேட்டுவிடுங்கள். சில நிறுவனங்களின் விதிமுறைகள் அதைத் தடுக்கின்றன.

விடை எதுவானாலும் மனம் தளர வேண்டாம். பொது முகவரி இல்லாத வீட்டுக்கும் வழி இருக்கிறது. கீழே வரும்.

கணினியும் அதை வைக்கும் இடமும்

ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினியையே பலரும் பரிந்துரைப்பார்கள். அது நல்ல கருவி. மின்சாரம் திரும்பியதும் தானாகவே எழுந்துகொள்ளும். இருந்தாலும் தொடங்குபவருக்கு நான் சொல்வது பழைய மடிக்கணினியைத்தான். திரை, விசைப்பலகை எல்லாம் அதிலேயே இருக்கின்றன. பேட்டரியில் கொஞ்சம் உயிர் இருந்தால் குறுகிய மின்தடைகளை அதுவே தாங்கிவிடும். ராஸ்பெரி பையில் மின்சாரம் திடீர் திடீரென்று போனால் மெமரி கார்டில் உள்ள கோப்புகள் கெட்டுப்போகும் அபாயம் உண்டு.

வீட்டில் மடிக்கணினி இல்லையென்றால் ரிச்சி தெருவில் பழையது கிடைக்கும். விம்கோ நகரிலிருந்தோ தண்டையார்பேட்டையிலிருந்தோ மெட்ரோவில் ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். வாங்கும்போது பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உப்பியிருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். இரவும் பகலும் ஓடப்போகும் கணினியில் அது தீ விபத்துக்கு வழி.

மின்கட்டணம் பற்றிய பயம் தேவையில்லை. திரையை அணைத்து வைத்த மடிக்கணினி 15 வாட் எடுக்கிறது என்று கொண்டால், இரண்டு மாதக் கணக்குக்கு ஏறத்தாழ 22 யூனிட் வரும்.

இடம் தேர்ந்தெடுப்பதில்தான் நம் ஊருக்கே உரிய கவனம் வேண்டும். வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொடுங்கையூர்ப் பக்கம் தரைத்தளத்தில் குடியிருப்பவர்கள், 2015 வெள்ளத்திலோ 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலோ தண்ணீர் எந்த உயரம் வரை ஏறியது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். கணினி, ரூட்டர், ஃபைபர் பெட்டி, அவற்றின் மின்செருகி நான்கும் அந்த அளவுக்கு மேலே இருக்க வேண்டும். காசிமேடு, திருவொற்றியூர் போன்ற கடலோர வீடுகளில் உப்புக்காற்று கணினியின் செருகுவாய்களைத் துருப்பிடிக்க வைக்கும். கடல் பக்கத்து ஜன்னலோரத்தைத் தவிர்த்துவிடுங்கள். அதற்காக பீரோவுக்குள் பூட்டி வைக்கவும் கூடாது. மே மாத வெயிலில் கணினி மூச்சுவிட முடியாமல் அணைந்துவிடும்.

ரூட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்றை வாங்கிப் பொருத்துங்கள். இவை அணைந்துவிட்டால் மடிக்கணினி மட்டும் விழித்திருந்து பயனில்லை. பராமரிப்புக்காகக் காலை 9 மணியிலிருந்து பிற்பகல் 2 மணி வரை மின்சாரம் நிறுத்தும் நாளில் இதுவும் போதாது. ஐந்து மணி நேரம் தாக்குப்பிடிக்க இன்வெர்ட்டர் வேண்டும். கால்பந்து அட்டவணைக்கு அவ்வளவு தேவையில்லை என்பது என் கருத்து. அன்று மட்டும் தளம் ஓய்வெடுக்கட்டும்.

பக்கத்துக் கட்டடத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு வருவது ஃபைபராக இல்லாமல் செம்புக் கம்பியுள்ள லேன் கேபிளாக இருந்தால், இடி இடிக்கும்போது அதைக் கழற்றி வையுங்கள். மின்னல் அதிர்ச்சி அந்தக் கம்பி வழியே ரூட்டரையும் கணினியையும் சேர்த்தே எரித்துவிடும்.

செருகியின் மேல் ‘அணைக்க வேண்டாம்’ என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். டிம் பெர்னர்ஸ் லீ உலகின் முதல் இணையதளத்தை செர்ன் என்ற இயற்பியல் ஆய்வகத்தில் தன் அலுவலகக் கணினியில்தான் வைத்திருந்தார். இது சர்வர், அணைக்காதீர்கள் என்று சிவப்பு மையில் எழுதிய ஒரு சீட்டு அதன் மேல் ஒட்டப்பட்டிருந்தது. இரவு படுக்கும் முன் எல்லா சுவிட்சையும் அணைக்கும் வழக்கம் உள்ள வீட்டில் அந்தச் சீட்டு இன்றைக்கும் வேண்டும்.

மென்பொருள்

மடிக்கணினியில் டெபியன் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவுங்கள். எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ திரையமைப்பைத் தேர்ந்தெடுத்தால் பழைய கணினி திணறாது. நிறுவும்போது ‘ரூட்’ (தலைமை நிர்வாகி) கடவுச்சொல் கேட்கும் இடத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள். அப்போதுதான் உங்கள் பயனர் கணக்குக்கே நிர்வாக உரிமை கிடைக்கும். முடிந்ததும், மூடியை மூடினாலும் கணினி உறங்காதபடி மின்அமைப்புகளில் மாற்றிவிடுங்கள். ரூட்டரோடு வைஃபையில் இணைக்காமல் லேன் கேபிளில் இணையுங்கள்.

இனி வரும் கட்டளைகளை ஒலிக்கிறபடி தமிழில் தருகிறேன். நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும். கட்டளைகளைத் தட்டும் சாளரமான டெர்மினலைத் திறந்து முதலில் ‘சூடோ ஆப்ட் அப்டேட்’. அடுத்து ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால்’ என்று தட்டி, இடைவெளி விட்டு, என், ஜி, ஐ, என், எக்ஸ் என்ற ஐந்து எழுத்துகள். இதுதான் என்ஜின்எக்ஸ், கேட்பவருக்குப் பக்கங்களை எடுத்துக் கொடுக்கும் மென்பொருள்.

ரூட்டர் பக்கத்தில் இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைப் பார்த்தால் மடிக்கணினியின் உள்முகவரி தெரியும். அதைக் கைபேசி பிரவுசரில் தட்டுங்கள். என்ஜின்எக்ஸின் வரவேற்புப் பக்கம் வந்தால் வீட்டுக்குள் சர்வர் வேலை செய்கிறது. அதே பட்டியலில் இந்தக் கணினிக்கு அந்த முகவரியை நிரந்தரமாக ஒதுக்கும் வசதி இருக்கும், ஒதுக்கிவிடுங்கள்.

உங்கள் பக்கங்கள் ‘வார்’ என்ற அடைவுக்குள் (ஃபோல்டருக்குள்), டபிள்யூ மூன்று முறை எழுதிய அடைவுக்குள், ‘எச்டிஎம்எல்’ என்ற அடைவில் இருக்க வேண்டும். முதல் பக்கத்தின் கோப்புப் பெயர் ‘இன்டெக்ஸ்’, ஒரு புள்ளி, ‘எச்டிஎம்எல்’. தமிழில் எழுதுவதால் ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பகுதியிலும் எழுத்துக் குறியாக்கம் யுடிஎஃப்-8 என்று அறிவிக்க மறக்காதீர்கள். மறந்தால் சில கணினிகளில் உங்கள் தமிழ் புரியாத குறிகளாகத் தெரியும். கோப்புகளின் பெயர்களை மட்டும் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் வையுங்கள். தமிழ்ப் பெயர் கொண்ட இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது பல நேரம் அது நீளமான சதவீதக் குறிகளாக மாறிவிடுகிறது.

படங்களைச் சுருக்குங்கள். வெளியே அனுப்பும் வேகம் நொடிக்கு 40 மெகாபிட் என்றால் அது 5 மெகாபைட்தான். கைபேசியில் எடுத்த 4 மெகாபைட் படத்தை அப்படியே வைத்தால் ஒருவர் பார்க்கும்போதே இணைப்பு நிரம்பிவிடும். 200 கிலோபைட்டாகச் சுருக்கினால் அதே நொடியில் 25 படங்கள் போகும். படத்துக்குள் புதைந்திருக்கும் இருப்பிடத் தகவலையும் நீக்குங்கள். பிள்ளைகளின் படம் என்றால் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் ஏற்றவே கூடாது.

வெளியுலகுக்குத் திறப்பது

டொமைன் பெயர் ஒன்றை, அதாவது உங்கள் தளத்தைத் திறக்க மக்கள் பிரவுசரில் தட்டும் பெயரை, வாங்குங்கள். ஆண்டுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கும்.

தொடங்குபவருக்கு என் பரிந்துரை, கிளவுட்ஃபிளேர் என்ற நிறுவனத்தின் டனல் சேவை. இதில் உங்கள் கணினிதான் உள்ளேயிருந்து வெளியே இணைப்பை ஏற்படுத்துகிறது. அதனால் சிஜிநாட் தடையாக இருப்பதில்லை; ரூட்டரில் எந்தப் போர்ட்டையும் திறக்க வேண்டியதும் இல்லை. இலவசக் கணக்கைத் தொடங்கி டொமைனைச் சேர்த்தால் இரண்டு பெயர் சர்வர்களின் (டொமைன் பெயரைத் தேடுபவருக்குத் தளம் இருக்கும் இடத்தைச் சொல்பவை) பெயர்களைத் தருவார்கள். டொமைன் வாங்கிய இடத்தில் பழையவற்றை நீக்கிவிட்டு இவற்றைப் போடுங்கள். பிறகு புதிய டனல் ஒன்றை உருவாக்கி, டெபியனைத் தேர்ந்தெடுத்தால் திரையில் ஒரு கட்டளை வரும். அதை நகலெடுத்து மடிக்கணினியின் டெர்மினலில் ஒட்டுங்கள். கடைசியாக, உங்கள் டொமைனுக்கு வருபவரை லோக்கல்ஹோஸ்ட் (அதாவது இதே மடிக்கணினி), போர்ட் 80க்கு அனுப்பும்படி குறிப்பிடுங்கள். பூட்டுக்குறிக்கான பாதுகாப்புச் சான்றிதழை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

இதில் ஒரு குறை உண்டு, அதை மறைக்க நான் விரும்பவில்லை: உங்கள் தளத்துக்கு வருபவர் ஒவ்வொருவரும் அந்த நிறுவனத்தின் கணினிகளைக் கடந்தே வருகிறார். இடையில் யாரும் வேண்டாம் என்பவர்கள் நிலையான பொது ஐபியை வாங்கி, ரூட்டரில் 80, 443 என்ற இரண்டு போர்ட்டுகளை மட்டும் மடிக்கணினிக்குத் திருப்பிவிடலாம். சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாப நோக்கமற்ற சேவை இலவசமாகத் தருகிறது. சர்ட்பாட் என்ற மென்பொருள் அதைத் தானாகப் புதுப்பிக்கும். இந்த வழியில் போனால் ரூட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லை முதல் வேலையாக மாற்றுங்கள். டிஎம்இசட் என்ற வசதியைத் தொடாதீர்கள், அது மொத்தக் கணினியையும் வெளியே காட்டிவிடும்.

எந்த வழியானாலும் சோதனையைக் கைபேசியின் மொபைல் டேட்டாவில் செய்யுங்கள். வீட்டு வைஃபையிலிருந்து சொந்த டொமைனைத் திறக்கச் சில ரூட்டர்களுக்குத் தெரியாது. வெளியில் எல்லோருக்கும் தெரியும் தளம் உங்களுக்கு மட்டும் தெரியாமல், வேலை கெட்டுவிட்டது என்று நினைத்துவிடுவீர்கள்.

தளம் வெளியே தெரிந்ததுமே தானியங்கி நிரல்கள் கதவைத் தட்டத் தொடங்கும். சர்வரின் பதிவேட்டில், வேர்ட்பிரஸ் என்ற தளம் அமைக்கும் மென்பொருளின் நுழைவுப் பக்கத்தைக் கேட்டு வந்த வரிகளைப் பார்த்தால் பதற வேண்டாம். உங்களிடம் இருப்பது வெறும் பக்கங்களும் படங்களும். அவற்றில் நுழைய வழியில்லை. தொடக்கத்திலேயே வேர்ட்பிரஸ் வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். டெபியனின் தானியங்கிப் பாதுகாப்புப் புதுப்பிப்பை இயக்கிவிடுங்கள். எல்லாக் கோப்புகளின் நகலையும் ஒரு பென் டிரைவில் எடுத்து வேறொரு வீட்டில் வையுங்கள். ஒரே வீட்டில் இரண்டு நகல் இருந்தால் ஒரே வெள்ளத்தில் இரண்டும் போகும்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் ஓர் ஒத்திகை பாருங்கள். மடிக்கணினியை முறைப்படி நிறுத்திவிட்டு, ரூட்டரையும் ஃபைபர் பெட்டியையும் அணையுங்கள். பத்து நிமிடம் கழித்து எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுத்து, மடிக்கணினியின் பொத்தானை மட்டும் அழுத்துங்கள். வேறெதையும் தொடாமல், மொபைல் டேட்டாவில் தளம் திறக்கிறதா என்று பாருங்கள். திறக்காவிட்டால் என்ஜின்எக்ஸும் டனலும் கணினியோடு சேர்ந்தே தொடங்கும்படி அமைக்கப்பட்டிருக்கின்றனவா என்று தேடுங்கள். ‘சூடோ சிஸ்டம்சிடிஎல் எனேபிள்’ என்று தட்டி, அந்தச் சேவையின் பெயரைச் சேர்த்தால் அது சரியாகிவிடும்.