‘விதிப்படி கட்டிய’ புது வீடு: வாங்கும் முன் எதைக் கேட்பது, எதை அளப்பது

‘எல்லாம் கட்டட விதிப்படிதான்’ என்று விற்பவர் சொன்னால், வீடு பாஸ் மார்க் வாங்கியிருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வீடு இடியக்கூடாது, தீப்பிடித்தால் வெளியேற வழி இருக்கவேண்டும், மின்சாரம் ஆளைக் கொல்லக்கூடாது, கழிவுநீர் நோயைக் கொண்டுவரக்கூடாது. விதிகளின் அக்கறை பெரும்பாலும் இந்த அளவில்தான். கோணலான டைல்ஸ், உரசும் கதவு, உரியும் பெயிண்ட் பற்றி விதி வாய் திறக்காது. அதெல்லாம் வேண்டுமென்றால் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கவேண்டும்.

முதலில் தேதியைக் கேளுங்கள். ஒரு வீட்டுக்குப் பொருந்துவது பொதுவாக அனுமதிக்கு விண்ணப்பித்த காலத்தில் நடப்பில் இருந்த விதி, சாவி கைக்கு வரும் நாளின் விதி அல்ல. பல ஆண்டு இழுத்த கட்டுமானம் என்றால், புத்தம் புதிய வீடும் பழைய விதிப்படி கட்டியதாகவே இருக்கும். அனுமதி எண், அதன் தேதி, எந்த ஆண்டுப் பதிப்பைப் பின்பற்றினார்கள், அதற்குப் பிறகு எது மாறியது என்று எழுத்தில் கேளுங்கள். நிலநடுக்கம், தீ, மின்சாரம், வெப்பக்காப்பு ஆகிய பகுதிகளில் வந்த மாற்றங்களை முக்கியமாகப் பாருங்கள்.

ஏட்டில் விதி கடுமையாக இருந்தால் மட்டும் போதாது. 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் தெற்கு ஃப்ளோரிடாவைத் தாக்கியபோது, அங்கிருந்த விதிக்கு நல்ல பெயர்தான். ஆனால் பல வீடுகளில் கூரைப் பலகையில் அடித்த ஆணி அடியிலிருந்த சட்டத்தில் இறங்காமல் பக்கத்தில் நழுவி நின்றிருந்தது. காற்று பலகையைப் பிய்த்துக்கொண்டு போனது. மேலே கூரை உறை போட்டு மூடிய பிறகு அந்த ஆணியை யார் பார்ப்பது? 2002இல் மாநிலம் முழுக்க ஒரே விதி வந்தது. துருக்கியிலும் 2018இல் நிலநடுக்க விதியைத் திருத்தி, 2019இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஆனாலும் 2023 பிப்ரவரி நிலநடுக்கத்தில் புதுக் கட்டடங்கள் சிலவும் சரிந்தன.

ஆகவே வாங்குபவர் குறிவைக்கவேண்டியது மூடிமறையப்போகிற வேலைகளை. காங்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள், பூச்சுக்கு முந்தைய நாள், இந்த இரண்டையும் விடாதீர்கள். நேரில் போக முடியாவிட்டால், டேப் வைத்து அளவு தெரிகிற மாதிரி படங்கள் கேளுங்கள். அந்தந்தக் கட்டத்தில் ஆய்வாளர் கையெழுத்திட்ட அறிக்கையின் நகலும் வேண்டும்.

கம்பியில் பார்க்கவேண்டியது கவர், அதாவது கம்பிக்கும் காங்கிரீட்டின் வெளிமுகத்துக்கும் உள்ள இடைவெளி. சாதாரணச் சூழலில் ஸ்லாபுக்கு 20 மி.மீ., பீமுக்கு 25, தூணுக்கு 40, அஸ்திவாரத்துக்கு 50 என்பது பரவலாக வழங்கும் அளவு. கடற்கரை என்றால் இன்னும் கூடும். இந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் சிறு கட்டையான கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லித் துண்டைச் செருகியிருந்தால் கம்பி இறங்கிவிடும், ஈரம் எட்டிப்பார்க்கும். துரு பிடித்த கம்பி பருத்துக் காங்கிரீட்டைப் பிளக்கும். நிலநடுக்கப் பகுதியில் தூணின் நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் கொக்கி 135 டிகிரி மடிந்து உள்ளே போயிருக்கவேண்டும். 90 டிகிரியில் விட்டால், வெளிக்காங்கிரீட் உதிர்ந்ததும் ரிங் வாய் பிளந்துவிடும்.

பால்கனியைத் தனியாகக் கவனியுங்கள். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும் ஸ்லாபில் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்கவேண்டும். காங்கிரீட் கொட்டும்போது ஆட்கள் மிதித்து நடப்பதில் அது கீழே அமுங்கிவிடுகிறது. கம்பிக்கு அடியில் தாங்கு கம்பி வைத்து, நடக்கப் பலகை போட்டிருந்தால் நல்ல மேஸ்திரி. கட்டி முடித்த வீட்டில் பால்கனித் தரையில் சுவரை ஒட்டி, சுவருக்கு இணையாக விரிசல் ஓடினால் டைல்ஸ் குறை என்று ஏற்காதீர்கள்.

கியூப் டெஸ்ட், அதாவது காங்கிரீட் மாதிரிக் கட்டியை நசுக்கி வலுவை அளக்கும் சோதனை, அதன் அறிக்கையைக் கேளுங்கள். 7 நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வலு, 28 நாளில் முழு வலு வந்திருக்கவேண்டும். மாதிரியை எப்போது எடுத்தார்கள் என்பதையும் கேளுங்கள். கலவை கெட்டியாக இருக்கிறது என்று சைட்டில் தண்ணீர் ஊற்றி வலுவைக் குறைப்பதற்கு முன்பே எடுத்திருந்தால், அறிக்கை அழகாகத்தான் இருக்கும்.

குளியலறையில் டைல்ஸ் ஒட்டும் முன் வடிகாலை அடைத்து 25 முதல் 50 மி.மீ. உயரம் நீர் நிறுத்தி, 24 மணி நேரம் கழித்துக் கீழ்த்தளக் கூரையைப் பாருங்கள். 48 மணி நேரம் விட்டால் இன்னும் நல்லது. சுவரும் தரையும் சேரும் மூலையிலும் குழாய் நுழையும் இடத்திலும்தான் பெரும்பாலும் ஒழுகும். கழிவுநீர் நாற்றம் வந்தால் டிராப்பை, அதாவது நீர் தேங்கி நாற்றத்தை மறிக்கும் வடிகுழாய் வளைவைச் சந்தேகியுங்கள். அதில் சுமார் 50 மி.மீ. நீர் நிற்கவேண்டும். காற்றுக்குழாய் இல்லாவிட்டால் மேல்மாடி ஃப்ளஷ் அந்த நீரை உறிஞ்சிக்கொண்டு போய்விடும்.

மின்பெட்டியில் மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று பார்த்து டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். சுவிட்ச் விழுந்தால் கருவி வேலை செய்கிறது, அவ்வளவுதான். பிளக் பாயிண்டுக்கு எர்த் வந்திருக்கிறதா என்பதை அந்தப் பட்டன் சொல்லாது. அதற்குத் தனி டெஸ்டர் வேண்டும்.

படிக்கட்டில் ஒவ்வொரு படியையும் அளங்கள். படிகளின் உயர வித்தியாசம் 10 மி.மீ.க்கு மேல் போனால் கால் தடுக்கும். தரைக்கு டைல்ஸ் போட்ட பிறகு முதல் படியும் கடைசிப் படியும்தான் அளவு தவறும். கைப்பிடிக் கம்பிகளின் இடைவெளி 100 மி.மீ.க்குள் இருக்கவேண்டும், குழந்தையின் தலை நுழையக்கூடாது.

பூச்சு முடிந்துவிட்ட வீடு என்றால், சொந்தமாக ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அமர்த்தி, கவர் மீட்டர் வைத்துக் கம்பியின் ஆழத்தையும் இடைவெளியையும் அங்கீகரித்த வரைபடத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். எர்த், டிராப், கைப்பிடி போன்றவை சரிசெய்யக்கூடியவை. அவற்றை விலை பேசும்போது பேசிக்கொள்ளலாம். வரைபடத்தில் இல்லாத மாடி, தூணில் சாய்ந்தோடும் விரிசல், நிறைவுச் சான்றிதழ் இல்லாமை ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் முன்பணம் கொடுக்காதீர்கள்.