ஃபைப்ரோமயால்ஜியா: காணொளி வழி மருத்துவரைச் சந்திக்கும் முன்

ஃபைப்ரோமயால்ஜியா என்னும், உடல் முழுவதும் பரவிய நாள்பட்ட வலி நோயோடு ஏற்காட்டிலிருந்து 20 கொண்டையூசி வளைவுகளில் இறங்கி, சேலத்தில் வெளிநோயாளிப் பிரிவில் காத்திருந்து, மாலையில் மீண்டும் மலையேறுகிறவர்களுக்கு, அந்தப் பயணமே மறுநாள் வலியைக் கூட்டிவிடுகிறது. காணொளி ஆலோசனை அந்த அலைச்சலைக் குறைக்கும். ஆனால், மருத்துவரின் கை நம்மைத் தொடாத இடத்தில் நாம் சொல்வதுதான் பெரும்பாலும் பரிசோதனையாக அமைகிறது என்பதால், முந்தைய வாரமே அதற்கான வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

இந்த நோயை உறுதிசெய்யும் இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. அமெரிக்க வாதநோயியல் கல்லூரி என்னும் மருத்துவர் அமைப்பு 1990-இல் வகுத்த முறைப்படி உடலின் 18 புள்ளிகளை அழுத்திப் பார்த்து, குறைந்தது 11 இடங்களில் வலி இருக்கிறதா என்று கணக்கிட்டார்கள். 2010-இல் வந்த முறை அந்த அழுத்திப் பார்த்தலைக் கட்டாயமாக வைக்கவில்லை. அதற்குப் பதிலாக, கடந்த ஒரு வாரத்தில் 19 பகுதிகளில் எங்கெங்கே வலித்தது, களைப்பு, தூங்கி எழுந்தும் தெளியாத அசதி, நினைவுத் தடுமாற்றம் ஆகியவை எந்த அளவில் இருந்தன, இவை மூன்று மாதங்களாவது நீடித்தனவா என்று கேட்கிறது. இவை அனைத்தும் திரை வழியாகவே சொல்லக்கூடியவை.

ஆகவே ஒரு தாளில் மனித உருவத்தின் முன்புறத்தையும் பின்புறத்தையும் கோடுகளாக வரைந்துகொண்டு, ஏழு நாள்களும் வலித்த இடங்களை அதில் குறியுங்கள். இரு பக்கத் தாடை, தோள், மேற்கை, முன்கை, இடுப்பு, தொடை, கெண்டைக்கால் ஆகியவை 14 பகுதிகள்; கழுத்து, மேல்முதுகு, கீழ்முதுகு, மார்பு, வயிறு ஆகியவை மீதி ஐந்து. தாடையையும் மார்பையும் பலர் வேறு நோய் என்று நினைத்துச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்; அவற்றையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். "உடம்பெல்லாம் வலி" என்று மட்டும் சொன்னால் மருத்துவருக்கு எதுவும் பிடிபடாது. குடைச்சலா, எரிச்சலா, குத்தலா, மரத்துப்போகிறதா, இழுத்துப் பிடிக்கிறதா என்பதையும், அது காலையில் கூடுகிறதா, வேலை முடிந்த பின் கூடுகிறதா என்பதையும் எழுதுங்கள். காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் கூடை சுமந்த மறுநாள், அம்மாபேட்டையில் நாள் முழுவதும் தறியில் அமர்ந்த பின், கொலுசுப் பட்டறையில் குனிந்து பற்றவைத்த மாலை என்று வேலையோடு சேர்த்துச் சொன்னால், எதைக் குறைக்க வேண்டும், எதை மாற்ற வேண்டும் என்று மருத்துவரும் தெளிவாகப் பேச முடியும்.

உட்கொள்ளும் எல்லாவற்றையும் மேசைமீது எடுத்து வையுங்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை, சித்த மருந்து, தூக்க மாத்திரை, தைலம் என எதையும் மறைக்க வேண்டாம்; அட்டையைக் கேமரா முன் காட்டினாலே போதும். இதுவரை எடுத்த தைராய்டு, இரத்த அணுக்கள், உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., அத்துடன் வைட்டமின் டி பரிசோதனை அறிக்கைகளை வெளிச்சத்தில் படமெடுத்துத் தயாராக வைத்திருங்கள், ஏனெனில் தைராய்டுக் குறைபாடும் மூட்டழற்சி நோய்களும் இதே சாயலில் வரக்கூடும். கருவுற்றிருந்தால் அல்லது பாலூட்டினால், கேட்காவிட்டாலும் முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும்.

மத்திய அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனியில் கைப்பேசி எண்ணைப் பதிந்து கட்டணமின்றி மருத்துவரிடம் பேசலாம். எந்தச் சேவையானாலும், 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளின்படி மருத்துவச் சீட்டில் மருத்துவரின் பதிவு எண் இருக்க வேண்டும். டிரமடால் போன்ற, போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் வலி மருந்துகளைத் தொலைவழியில் எழுதித்தர அந்நெறிகள் அனுமதிக்கவில்லை; அதைக் கேட்டு மருத்துவரோடு வாதிடுவதில் பயனில்லை. நேரில் வரச் சொன்னாலும் அது தட்டிக்கழிப்பதாகாது.

சேர்வராயன் மலையில் பள்ளத்தில் இருக்கும் வீடுகளில் சிக்னல் நிலையாக இருப்பதில்லை. எந்த மூலையில் காணொளி தடைபடாமல் வருகிறது என்று, சந்திப்பு நடக்கும் அதே நேரத்தில், முந்தைய நாளே ஒருவரை அழைத்துப் பாருங்கள். இணைப்பு அறுந்தால் சாதாரண அழைப்பில் தொடரலாமா என்பதைத் தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டார் ஒருவர் உடனிருப்பது நல்லதுதான். குறட்டையும் இரவுப் புரளலும் அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் கேள்விக்கு மாமியார் பதில் சொல்ல, மருமகள் தலையசைக்கும் சந்திப்பால் யாருக்கும் பயனில்லை. மனச்சோர்வு பற்றிய கேள்வி வரும்போது தனியாகப் பேச ஐந்து நிமிடமாவது வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

மூட்டு வீங்கிச் சிவந்திருந்தால், காய்ச்சல் விடாமல் இருந்தால், காரணமின்றி எடை குறைந்தால், கை காலில் பலம் குறைந்தால், சிறுநீரை அடக்க முடியாமல் போனால், காணொளிக்குக் காத்திருக்காமல் நேரே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அழைப்பைத் துண்டிக்கும் முன், எழுதித்தந்த மருந்தை எந்த வேளையில் எடுப்பது, எத்தனை வாரம் பொறுத்துப் பார்ப்பது, எப்போது மீண்டும் பேசுவது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இந்த நோய்க்குத் தரப்படும் அமிட்ரிப்டிலின், பிரிகாபாலின் போன்றவை தூக்கக் கலக்கத்தை உண்டாக்கக்கூடியவை. ஆகவே காலையில் இருசக்கர வண்டியில் மலைப்பாதையில் இறங்குகிறவர், அதை மருத்துவரிடம் சொல்லி, வண்டி ஓட்டலாமா என்று கேட்ட பிறகே முதல் மாத்திரையை எடுக்க வேண்டும்.