காத்திருப்பையும் திட்டமிட வேண்டும்: பெருந்தொற்றுக் காலத்தில் நாளமில்லாச் சுரப்பி அறுவை சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று கோவிட்-19 நோயைப் பெருந்தொற்றாக அறிவித்தது. இந்தியாவில் மார்ச் 25 முதல் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. உயிர் காக்கும் அறுவை சிகிச்சைகள் தவிர மற்றவற்றை மருத்துவமனைகள் தள்ளிவைத்தன. கழுத்திலுள்ள தைராய்டு, அதை ஒட்டியிருந்து ரத்தக் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு, சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் ஆகிய, ஹார்மோன்களை நேரடியாக ரத்தத்தில் கலக்கும் நாளமில்லாச் சுரப்பிகளில் அறுவை சிகிச்சைக்குத் தேதி பெற்றிருந்த பலர் அப்போது காத்திருப்போர் பட்டியலுக்குச் சென்றார்கள். அந்த முடிவு பெரும்பாலும் சரியானதே. ஆனால் தள்ளிவைத்ததோடு பொறுப்பு முடிந்துவிட்டது என்று மருத்துவரும் நோயாளியும் கருதியதே எல்லாத் தவறுகளுக்கும் தாய்த்தவறு. அவசரமற்றது என்று மருத்துவர் சொல்வது நோயாளியின் காதில் அவசியமற்றது என்று விழுகிறது. சுரப்பி நோயாளிக்குக் காத்திருப்பு என்பதே மருந்தும் அளவும் கண்காணிப்பும் வேண்டிய ஒரு சிகிச்சைக் கட்டம்.

யாரை முதலில் எடுப்பது என்பதில் தொடங்குவோம். புற்றுநோய் என்றால் அவசரம், இல்லையென்றால் காத்திருக்கலாம் என்று பிரிப்பது பிற உறுப்புகளுக்கு ஓரளவு பொருந்தலாம், சுரப்பிகளுக்குப் பொருந்தாது. ஜப்பானின் கோபே நகரிலுள்ள குமா மருத்துவமனை, ஒரு சென்டிமீட்டருக்கு மிகாத, பரவாத பாப்பில்லரி வகைத் தைராய்டு புற்றுக்கட்டிகளை 1993 முதலே அறுவை சிகிச்சை செய்யாமல் கண்காணித்து வருகிறது; அவற்றில் மிகப் பெரும்பான்மையானவை ஆண்டுக்கணக்கில் வளராமலே இருக்கின்றன. அத்தகைய கட்டிக்காகத் தொற்று உச்சத்தில் இருக்கும் வாரத்தில் மருத்துவமனையில் சேர வேண்டியதில்லை. மாறாக, அனாப்பிளாஸ்டிக் வகைப் புற்று வாரத்துக்கு வாரம் வளரக்கூடியது. புற்றே அல்லாத நோய்களிலும் காத்திருக்க முடியாதவை உண்டு. மூச்சுக்குழாயை நெருக்கும் பெரிய கழலை, ரத்தத்தில் கால்சியத்தை டெசிலிட்டருக்கு 14 மில்லிகிராமுக்கு மேல் ஏற்றிவிட்ட பாராதைராய்டு கட்டி, மருந்துக்குக் கட்டுப்படாத கடுமையான குஷிங் நோய் (கார்ட்டிசோல் ஹார்மோன் மிகைப்படுவது), ரத்த அழுத்தத்தைத் திடீர் திடீரென உச்சத்துக்குக் கொண்டுபோகும் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற அட்ரீனல் கட்டி ஆகியவை அந்தப் பட்டியலில் வரும். எனவே கட்டியின் பெயரைப் பார்க்காமல், அது மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் கால்சியத்தையும் என்ன செய்கிறது என்பதைப் பார்த்தே வரிசையை அமைக்க வேண்டும். அந்த வரிசையையும் சில வாரங்களுக்கு ஒருமுறை திருப்பிப் பார்க்க வேண்டும்.

காத்திருப்புக் காலத்துத் தவறுகளில் என்னை அதிகம் கவலைகொள்ள வைப்பது ஒன்று உண்டு. தைராய்டு மிகைச் சுரப்புக்கு அறுவை சிகிச்சை தள்ளிப்போனவர்கள் சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரையைத் தொடர்ந்து எடுப்பார்கள். ஆயிரம் பேரில் ஏறத்தாழ இரண்டு முதல் ஐந்து பேருக்கு இந்த மருந்து ரத்த வெள்ளணுக்களை அபாயகரமாகக் குறைத்துவிடும். இது பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள் நேரும். அதன் முதல் அடையாளம் காய்ச்சலும் தொண்டை வலியும். கோவிட் பரவும் காலத்தில் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தவர் என்ன செய்வார்? தனி அறையில் படுத்துக்கொண்டு பாராசிட்டமால் விழுங்குவார், பரிசோதனை முடிவுக்காக இரண்டு நாள் காத்திருப்பார், கார்பிமசோலையும் தவறாமல் எடுத்துக்கொண்டே இருப்பார். செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது: காய்ச்சல் கண்ட அன்றே அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு, மருத்துவருக்குத் தெரிவித்து, கோவிட் பரிசோதனையோடு ரத்த அணுக்களின் எண்ணிக்கையையும் பார்த்துவிட வேண்டும். கோவிட் உறுதியானாலும் அணுக்களின் எண்ணிக்கை தெரியும்வரை அமைதி கொள்ளக் கூடாது. இந்த எச்சரிக்கையை மருந்துச்சீட்டின் மேலேயே தமிழில் எழுதித் தருவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

அட்ரீனல் சுரப்பியில் ஃபியோகுரோமோசைட்டோமா உள்ளவருக்குத் தொலைபேசி மருத்துவத்தில் வேறொரு ஆபத்து இருக்கிறது. படபடப்பும் உயர் ரத்த அழுத்தமும் என்று அவர் சொல்ல, கோப்பைப் பார்க்காத ஒருவர் புரோப்ரனலால் போன்ற பீட்டா தடுப்பான் மருந்தை மட்டும் எழுதிவிட்டால், ரத்த நாளங்கள் மேலும் இறுகி அழுத்தம் எகிறிவிடும். பிராசோசின் அல்லது ஃபினாக்சிபென்சமைன் போன்ற, ரத்த நாளங்களைத் தளர்த்தும் ஆல்ஃபா தடுப்பானை முதலில் தொடங்கி, அது போதிய அளவு வேலை செய்த பிறகே பீட்டா தடுப்பானைச் சேர்க்க வேண்டும். இந்த ஆயத்தத்துக்குப் பொதுவாகப் பத்து முதல் பதினான்கு நாட்கள் தேவை. இதே நோயாளிக்குக் கோவிட் வந்தால் ஸ்டீராய்டு பற்றிய கேள்வியும் எழும். ஆக்சிஜன் தேவைப்படும் கோவிட் நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் உயிர் காக்கிறது என்பது 2020 ஜூனில் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வில் தெரிய வந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அந்த ஆய்வில் பலன் தெரியவில்லை. ஆயினும் 2021இன் இரண்டாம் அலையில் லேசான காய்ச்சலுக்கே அதை எடுத்தவர்கள் நம்மிடையே ஏராளம். ஃபியோகுரோமோசைட்டோமா உள்ளவருக்கு ஸ்டீராய்டு, ரத்த அழுத்த நெருக்கடியைத் தூண்டக்கூடும். மறுபுறம், அட்ரீனல் அறுவை சிகிச்சைக்குப் பின் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை நம்பி வாழ்பவர் காய்ச்சலின்போது அதை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. அவர் மருத்துவர் முன்பே சொல்லித்தந்தபடி அளவைக் கூட்ட வேண்டும். ஒரே வகை மருந்து ஒருவருக்கு ஆபத்தாகவும் இன்னொருவருக்கு உயிராகவும் இருக்கும்போது, எல்லோருக்கும் ஒரே அறிவுரைத் தாளைக் கொடுப்பது தவறு.

நோய் எதிர்ப்புச் சக்திக்கு என்று வீடுதோறும் வாங்கிவைத்த மாத்திரைகளையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அவற்றிலுள்ள பயோட்டின் என்ற வைட்டமின் சில ஆய்வக முறைகளில் தைராய்டு அளவுகளைப் பொய்யாகக் காட்டி, இல்லாத மிகைச் சுரப்பை இருப்பதாக நம்ப வைக்கும். பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாட்களுக்கு முன்பே அதை நிறுத்த வேண்டும். பாராதைராய்டு கட்டியோடு காத்திருப்பவர் கால்சியத்தையும் வைட்டமின் டி-யையும் தாமாகவே கூட்டிக்கொள்வதும் தவறு. அவருக்கு வேண்டியவை போதிய தண்ணீரும், தயசைடு வகைச் சிறுநீர்ப்பெருக்கி மாத்திரையைத் தவிர்ப்பதும், அவ்வப்போது கால்சியம் பரிசோதனையும், தேவையானால் கால்சியத்தைக் குறைக்கும் சினகால்செட் மருந்துமே.

கோவிட் வந்து தேறியவருக்கு எப்போது அறுவை சிகிச்சை செய்யலாம்? 116 நாடுகளில் 1,40,231 நோயாளிகளைக் கணக்கில் எடுத்து 2021இல் வெளியான ஆய்வில், தொற்று இல்லாதவர்களில் முப்பது நாள் இறப்பு 1.5 சதவீதமாகவும், தொற்று கண்ட இரண்டு வாரங்களுக்குள் அறுவை சிகிச்சை செய்தவர்களில் 4.1 சதவீதமாகவும் இருந்தது. ஏழு வாரங்கள் கடந்தபின் அது மீண்டும் 1.5 சதவீதத்துக்கு இறங்கியது. ஆனால் ஏழு வாரங்களுக்குப் பிறகும் இருமலோ மூச்சுத்திணறலோ நீடித்தவர்களில் இறப்பு 6 சதவீதம். தடுப்பூசி பரவலாவதற்கு முந்தைய கணக்கு இது என்பதை நினைவில் வைத்துக்கொண்டாலும், நாட்காட்டியை மட்டும் பார்த்துத் தேதி குறிப்பது எவ்வளவு பிழையானது என்பதை அந்தக் கடைசி எண்ணே காட்டிவிடுகிறது. கடும் நோயின்போது எடுத்த தைராய்டு அளவுகளை வைத்து முடிவெடுப்பதும் தவறு, ஏனெனில் எந்தக் கடுமையான நோயிலும் அவை தற்காலிகமாக மாறும். கோவிடைத் தொடர்ந்து கழுத்து வலியோடு வரும் தைராய்டு அழற்சியோ பெரும்பாலும் அறுவை சிகிச்சையின்றித் தானே அடங்கும். நுரையீரல் ஸ்கேனுக்காக அயோடின் கலந்த சாய ஊசி போட்டிருந்தால், கதிரியக்க அயோடின் சிகிச்சையை ஆறு முதல் எட்டு வாரங்கள் தள்ளிவைக்க நேரிடும். பழைய கழலை உள்ளவருக்கு அந்தச் சாயமே மிகைச் சுரப்பைத் தூண்டலாம். தடுப்பூசி போட்ட பக்கத்தில் காரை எலும்புக்கு மேல் நெறி கட்டியிருந்தால், புற்று பரவிவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் ஊசி போட்ட தேதியைக் கேட்டுவிடுவது நல்லது.

அறுவை அரங்கில் செய்யும் தெரிவுகளை அறுவை மருத்துவர்களே அறிவார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். வாய் வழியாகத் தைராய்டை எடுக்கும் தழும்பற்ற முறையை, வைரஸ் செறிந்திருக்கும் பாதை வழியே செல்வதால், தொற்று உச்சத்தில் தவிர்ப்பதே முறை. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பிக்கு மூக்கு வழியாகச் செய்யும் அறுவை சிகிச்சையைப் பார்வை பறிபோகும் அபாயம் உள்ளவர்களுக்கு ஒதுக்கி, முழுப் பாதுகாப்புடன் செய்ய வேண்டும். தைராய்டு அறுவை சிகிச்சைக்கு முன் செய்யும் குரல்நாண் பரிசோதனை இருமலைக் கிளப்பித் தொற்றைப் பரப்பும் என்று அஞ்சி அதை அறவே விட்டுவிடுவதும் பிழை. குரல் மாறியவர்கள், முன்பே கழுத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகியோருக்காவது அதைச் செய்தாக வேண்டும், மற்றவர்களுக்குக் கழுத்தின் மேலிருந்தே அல்ட்ராசவுண்டில் பார்க்கலாம்.

படுக்கையைக் காலி செய்ய வேண்டும் என்ற நெருக்கடியில் நோயாளியை அன்றே வீட்டுக்கு அனுப்புவதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தைராய்டு அறுவை சிகிச்சைக்குப் பின் கழுத்துக்குள் ரத்தம் தேங்கி மூச்சுக்குழாயை அழுத்துவது அரிது. ஆனால் நேர்ந்தால் நிமிடங்களில் தையலைப் பிரித்தாக வேண்டும். அது பெரும்பாலும் முதல் ஆறு மணி நேரத்திலும், மீதி பெரும்பாலும் முதல் நாளுக்குள்ளும் நேர்கிறது. பேருந்து ஓடாத, மாவட்ட எல்லையைக் கடக்க இ-பாஸ் கேட்கும் ஊரடங்கில், தொலைவிலிருந்து வந்தவரை அந்த முதல் நாளுக்குள் அனுப்பிவிடக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. கால்சியம் குறைவது அதற்குப் பிறகு, பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் நாளில், அவர் வீட்டில் இருக்கும்போது வரும். உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் மதமதப்பு தோன்றும். அதைப் பயத்தினால் வந்த உடல்சோர்வு என்று குடும்பத்தார் எண்ணிவிடக் கூடும். ஆகவே கால்சியம், வைட்டமின் டி, தைராக்சின் மாத்திரைகளைக் குறைந்தது ஒரு மாதத்துக்குக் கையில் கொடுத்து, அவர் ஊருக்கு அருகில் கால்சியம் பரிசோதிக்கும் ஆய்வகம் திறந்திருக்கிறதா என்று முன்பே விசாரித்து, இரவிலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண்ணை எழுதித் தந்து, மூன்றாம் நாள் காலையில் மருத்துவமனையிலிருந்தே ஒருவர் அழைத்து மதமதப்பு இருக்கிறதா, குரல் எப்படியிருக்கிறது, விழுங்க முடிகிறதா என்று கேட்க ஏற்பாடு செய்த பிறகே அவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.