மாங்காய்ப் பணத்துக்கு 182 நாள் கருவூல உண்டியல்

கிருஷ்ணகிரிப் பக்கம் ஜூன், ஜூலையில் மண்டியிலிருந்தும் மாங்கூழ் ஆலையிலிருந்தும் கைக்கு வரும் பணத்தில், டிசம்பர் இறுதியிலும் ஜனவரியிலும் பூ மருந்துக்கும் ஆள் கூலிக்கும் தேவைப்படும் பகுதியைச் சேமிப்புக் கணக்கிலேயே கிடத்தாமல், தனிநபர்கள் அரசுப் பத்திரங்களை நேரடியாக வாங்க உதவும் ரிசர்வ் வங்கியின் ரீட்டெயில் டைரக்ட் இணையதளம் வழியாக, 182 நாள் கருவூல உண்டியலில் (மத்திய அரசு குறுகிய காலக் கடனுக்காக வெளியிடும் பத்திரம், Treasury Bill) போட்டு வைக்கலாம்.

இதற்குத் தனி வட்டி கிடையாது. முகமதிப்பைவிட, அதாவது பத்திரத்தில் குறித்த தொகையைவிட, குறைந்த விலைக்கு வாங்கி, முதிர்வு நாளில் முழு முகமதிப்பையும் பெறுகிறோம். எடுத்துக்காட்டாக, 10,000 ரூபாய் உண்டியல் (குறைந்தபட்ச அளவும் இதுவே) ஏலத்தில் 9,720 ரூபாய்க்குக் கிடைத்தால், 280 ரூபாய் ஆதாயம். ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 5.8 சதவீதம். திருப்பித் தருவது மத்திய அரசு என்பதால் பணம் வராமல் போகும் அச்சம் அநேகமாக இல்லை. கணக்குத் தொடங்கக் கட்டணமும் இல்லை.

மருத்துவச் செலவு போல எப்போது வேண்டுமானாலும் எடுக்க வேண்டிய பணத்துக்கு இது பொருந்தாது. இடையில் விற்க முயன்றால் வாங்குபவர் உடனே கிடைக்காமலோ, விலை குறைந்தோ போகலாம். ஆதாயத்துக்கு வருமான வரியும் உண்டு என்பதால், 30 சதவீத வரி வரம்பில் இருப்பவர்களுக்கு மிச்சம் சொற்பமே.