"ஆச்சிகிட்ட பேசு" என்று போனை நீட்டும் வீடுகளில் நடக்கும் தவறுகள்

நாங்கள் சென்னையில் இருக்கிறோம், அப்பாவும் அம்மாவும் கோவில்பட்டிப் பக்கம் ஊரில். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோ கால் தவறாது. ஆனால் இரண்டு வருடம் அப்படிப் பேசிய பிறகும், ஊருக்குப் போய் இறங்கினால் என் மகள் ஆச்சியைக் கண்டதும் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். அம்மாவின் முகம் வாடியதைப் பார்த்த பிறகுதான் எங்கே தப்பு என்று யோசிக்கவே ஆரம்பித்தோம்.

பெரிய தப்பு, போன் பேச்சைப் பரீட்சை மாதிரி நடத்துவது. பிள்ளையிடம் "ஆச்சிக்கு ரைம்ஸ் சொல்லிக் காட்டு", பெரியவர்களிடம் "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, சுகர் எவ்வளவு". இரண்டு பக்கமும் பதில் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது, பேச ஒன்றுமில்லை. அதற்குப் பதில் போனை அடுப்படியில் சாய்த்து வைத்துவிட்டு நீங்கள் நகர்ந்துவிடுங்கள். ஆச்சி கீரை ஆயட்டும், பிள்ளை இங்கே படம் வரையட்டும், நடுவில் பேச்சு தானாக வரும். வராவிட்டாலும் பரவாயில்லை.

அடுத்தது காது. இதைப் பலரும் கவனிப்பதே இல்லை. அப்பா வீடியோ காலில் சும்மா சிரித்துத் தலையாட்டுவார், பேத்தி கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் "நல்லா படி" என்பார். அவருக்கு ஆர்வமில்லை என்று நான் உள்ளூர வருத்தப்பட்டிருக்கிறேன். உண்மையில் அவருக்குக் கேட்கவில்லை. வயதாகும்போது காதில் முதலில் குறைவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள்தான், அதனால் ஆண்குரல் ஓரளவு கேட்கும், குழந்தையின் மெல்லிய குரல் மங்கிவிடும். ச, த, ப போன்ற எழுத்துகள் தெளியாமல் போவதால் சத்தம் காதில் விழும், சொல் பிடிபடாது. அங்கே நாம் கத்தினால் இரைச்சல்தான் கூடும். டிவியை நிறுத்துங்கள், ஒரு நேரத்தில் ஒருவர் பேசுங்கள், முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்கார்ந்து நிதானமாகச் சொல்லுங்கள், உதட்டசைவு பாதி வேலையைச் செய்துவிடும். அப்புறம் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள், சிலருக்கு வெறும் குறும்பி அடைப்பாகக்கூட இருக்கும். எங்கள் அப்பா காது மெஷினுக்கு ஒத்துக்கொள்ளவே ஆறு மாதம் ஆயிற்று, அந்த ஆறு மாதமும் நாங்கள் அவரை அவசரப்படுத்தவில்லை. அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

பிள்ளை முன்னால் பெரியவர்களைத் திருத்துவதும் தப்பு. "அப்பா, அதெல்லாம் இப்ப கிடையாது", "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, போனை இங்க குடுங்க" என்று கையிலிருந்து பிடுங்குவது. பக்கத்தில் நிற்கிற பிள்ளைக்கு, தாத்தா சொல்வதைக் கேட்க வேண்டியதில்லை என்று அந்த நொடியிலேயே பதிந்துவிடும். சொல்ல வேண்டியதைத் தனியாகச் சொல்லுங்கள்.

லீவுக்கு ஊருக்குப் போகும்போது நாங்கள் செய்த தப்பு வேறு. அம்மா ஓய்வெடுக்கட்டும் என்று எல்லா வேலையையும் நாங்களே இழுத்துப் போட்டுக்கொண்டு, பிள்ளை கையில் டேப்லெட்டைக் கொடுத்து உட்கார வைத்தோம். ஒருநாள் அம்மா திண்ணையில் சுளகை எடுத்து உளுந்து புடைத்தாள். மகள் தானாகவே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா அவள் இரண்டு கையையும் சுளகின் ஓரத்தில் வைத்து, மேலே தன் கையை வைத்துத் தூக்கிப் போட்டாள். பாதி உளுந்து திண்ணையில் சிதறியது. பெருக்க எழுந்த என்னைப் பார்த்து அம்மா, "நீ உள்ள போ, நாங்க பொறுக்கிக்கிடுவோம்" என்றாள். ஒரு மணி நேரம் இருவரும் ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் பேசியதை அவர்கள் இரண்டு வருட வீடியோ காலில் பேசியதில்லை.

அதனால் பெரியவர்கள் கையிலிருந்து வேலையை முழுதாகப் பிடுங்காதீர்கள். முடியாததை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், முடிந்ததில் பிள்ளையையும் கூட்டுச் சேர்த்துவிடுங்கள்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை நான் யாரையும் கூப்பிட்டுப் போனை நீட்டுவதில்லை. மகளே வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுகிறாள், போன வாரம் உளுந்தில் வண்டு விழுந்ததா என்று ஆச்சியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.