நாற்றுக் குச்சியைப் பிளந்து பாருங்கள்

திராட்சை நாற்று 300 வாங்குகிறவர், அதில் 5 நாற்றை, உள்மரத்தில் நோய் இருக்கிறதா என்று பிளந்து பார்ப்பதற்கென்றே வாங்கியதாக வைத்துக்கொள்ள வேண்டும். இதை முதல் தடவை நான் சொன்னபோது அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. வேர் பிடித்துத் துளிர் விட்டு நிற்கிற செடியில் கத்தி வைக்கலாமா என்றார். இப்போது அவரே பிளந்துவிட்டு, "இங்க வந்து பாரும்மா" என்று என்னைக் கூப்பிடுகிறார்.

எங்கள் தோட்டம் கம்பம் பள்ளத்தாக்கில், சுருளிப்பட்டிப் பக்கம். பன்னீர் திராட்சை. கல்லுக்கால் பந்தல் தாத்தா காலத்தது. பயிர் நோயியல் படித்துவிட்டு ஊருக்கே திரும்பியவள் நான். தோட்ட வேலையோடு வருஷத்துக்கு 2,000 வேர்க்குச்சி நாற்றும் போடுகிறேன்.

2015 ஆடியில் எங்கள் கொட்டகை நாற்றையே அரை ஏக்கரில், 3 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளியில் நட்டோம். மொத்தம் 330 கொடி. பந்தலேறியது, முதல் காய்ப்பும் நன்றாகவே வந்தது. மூன்றாம் வருஷக் கவாத்துக்குப் பிறகு 41 கொடி துளிர்க்கவே இல்லை. நூற்புழுவாக இருக்கும் என்று வேரைத் தோண்டிப் பார்த்தோம். தண்ணீரில் உப்பு ஏறிவிட்டதோ என்று சோதித்தோம். எதுவும் பொருந்தவில்லை. கடைசியில் பட்டுப்போன கொடி ஒன்றின் அடித்தண்டைக் கோடரியால் பிளந்தேன். நடுவில் பென்சிலால் இழுத்த மாதிரி கறுப்புக் கோடுகள். அவை மேலேயிருந்து இறங்கியவை அல்ல. மண்ணுக்குள் புதைந்திருந்த பழைய நாற்றுக்குச்சியின் அடிவெட்டில் தொடங்கி மேலே ஏறியிருந்தன. நோயைத் தோட்டம் கொடுக்கவில்லை, நாற்று கொண்டுவந்திருக்கிறது. அந்த நாற்றை நனைத்ததும் வெட்டியதும் என் கை.

அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் மனசில் பதிய வேண்டும். நான் பிளந்து, பூஞ்சாணம் வளர்க்கும் ஆய்வக ஊடகத்தில் வைத்து வளர்த்துப் பார்த்த எந்த நாற்றிலும் பூஞ்சாணம் இல்லாமல் இருந்ததில்லை. பச்சையாக, செழிப்பாக நின்ற நாற்றிலும் இருந்தது. திராட்சை மரத்துக்குள் ஒரு ஊரே குடியிருக்கிறது. ஆல்டர்னேரியா, கிளாடோஸ்போரியம், ஆரியோபாசிடியம் எல்லாம் பெரும்பாலும் சும்மா ஒண்டியிருப்பவை. டிரைக்கோடெர்மா இருந்தால் நமக்கு நல்லது. அதே தெருவில் பேயோமோனியெல்லா, பேயோஅக்ரிமோனியம், பொட்ரியோஸ்பேரியா குடும்பத்தார், வேர்ப்பக்கம் டாக்டிலோனெக்ட்ரியா என்று கொடியைக் கொல்லக்கூடியவையும் அடக்கமாக இருக்கும். எங்களைப் போன்ற வெயில் ஊர்களில் பொட்ரியோஸ்பேரியா குடும்பத்தில் லாசியோடிப்ளோடியா தியோப்ரோமேயைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். 30 டிகிரிச் சூடு அதற்குக் கொண்டாட்டம்.

இவை வருஷக்கணக்கில் வெளியே தெரியாமல் இருக்கும். நீரேற்றும் குழாய்களுக்குள் பூஞ்சாணம் நகரும்போது கொடி தன் குழாயைத் தானே பிசினாலும் திசுவாலும் அடைத்துக்கொள்ளும். பூஞ்சாணத்தைத் தடுக்கத்தான் அடைக்கிறது, ஆனால் தண்ணீரும் அதோடு நின்றுவிடும். முதல் பெரிய காய்ப்பு, சித்திரை வெயில், கடுமையான கவாத்து, இப்படி ஏதாவது பாரம் விழும்போது கொடி தாங்காமல் பட்டுப்போகிறது. இளங்கொடியில் வரும் இந்தக் கறுப்புக் கோட்டை இத்தாலியில் லியோனெல்லோ பெட்ரி 1912-லேயே விவரித்திருக்கிறார். இன்றைக்கும் அது பெட்ரி நோய் என்றே அழைக்கப்படுகிறது.

பட்டுப்போன மரத்தை மீட்கிற மருந்து கிடையாது. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் சோடியம் ஆர்சனைட் அடித்தார்கள். மனிதருக்கும் மண்ணுக்கும் நஞ்சு என்பதால் பிரான்ஸில் 2001-இல் தடை செய்துவிட்டார்கள். அதனால் நம் கையில் இருப்பது நாற்றுக் கட்டம் மட்டும்தான்.

பிளப்பது எப்படி

வரிசையின் ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, வாடலாக ஒன்று, செழிப்பாக இரண்டு என்று எடுங்கள். நல்லதை மட்டும் எடுத்தால் ஏமாந்துபோவீர்கள். பையைக் கிழித்து மண்ணைக் கழுவுங்கள். கவாத்துக் கத்திரியை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு, அடிவெட்டிலிருந்து ஒரு விரலகலம் மேலே குறுக்கே ஒரு வெட்டு, நடுவில் ஒன்று, மேல்வெட்டுக்குக் கீழே ஒன்று. வெட்டின முகத்தைத் துடைக்காமல் சில நிமிஷம் விட்டுப் பாருங்கள். குழாய்களிலிருந்து கறுப்பாகச் சின்னச் சின்னச் சொட்டுகள் கசிந்தால், அந்த நாற்றுக் கட்டு முழுவதையும் ஒதுக்கிவைத்து, அதில் மேலும் 10 நாற்று பிளக்க வேண்டும்.

பிறகு நெடுக்காகப் பிளவுங்கள். நடுவில் இருக்கும் நெட்டி பழுப்பாக இருக்கும். முற்றிய திராட்சைக் குச்சியில் அது இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நெட்டியைச் சுற்றியுள்ள மரம் வெண்மையாக, சற்றே பச்சை கலந்து, ஈரமாக இருக்க வேண்டும். அதில் கறுப்புக் கோடு ஓடினால் பேயோமோனியெல்லா வகையறா என்று சந்தேகப்படலாம். வெட்டுமுகத்திலிருந்து ஆப்பு வடிவத்தில் பழுப்பு இறங்கினால் பொட்ரியோஸ்பேரியா குடும்பம். வேர் புறப்படும் அடிப்பக்கம் கறுத்து, பட்டையை நகத்தால் சுரண்டினால் உள்ளே குழிவாக இருந்தால் கரும்பாத நோய். மேல்வெட்டில் ஒரு விரலகலம் காய்ந்திருப்பதை நான் கணக்கில் எடுப்பதில்லை. முதல் கணுவைத் தாண்டிக் கீழே போயிருந்தால் எடுப்பேன். இந்த அறிகுறிகளில் ஏதாவது ஒன்று 5 நாற்றில் 1-இல் இருந்தாலும் மறுபடி 10 பிளப்பேன். அதிலும் 2 வந்துவிட்டால் அந்தக் கட்டு வேண்டாம். இந்த அளவு என் சொந்தக் கணக்கு, உங்கள் தோட்டத்தின் நிலையைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒட்டு நாற்றாக இருந்தால், மகாராஷ்டிரத்தில் டாக்ரிட்ஜ் வேர்ச்செடி மேல் கட்டுகிறார்களே அந்த மாதிரி, ஒட்டின் நடுவாகப் பிளக்க மறக்காதீர்கள். ஒட்டு என்பது ஒரு பெரிய காயம். வேர்ச்செடி, மேல்குச்சி என்று இரண்டு மரத்தின் குடிகளும் அங்கேதான் சந்திக்கின்றன. வெளியே தடிப்பு அழகாக இருக்கும், உள்ளே பாதி ஒட்டாமல் பழுப்பேறியிருக்கும்.

இன்னும் அறிய ஆசை இருந்தால்

கண்ணுக்குத் தெரிவதோடு நிறுத்தினால் பாதிதான் தெரியும். நல்ல வெள்ளை மரத்துக்குள்ளும் பூஞ்சாணம் இருக்கலாம், கறுத்த மரத்துக்குள் அது செத்தும் போயிருக்கலாம். வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. பட்டையை உரித்து, கடைப் பிளீச் 1 பங்குக்குத் தண்ணீர் 4 பங்கு கலந்து, குச்சித் துண்டை அதில் 2 நிமிஷம் முக்கி, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் ஈரப் பஞ்சு விரித்து, துண்டை அந்தப் பஞ்சில் படாமல் நிற்கவைத்து மூடுங்கள். நிழலான இடம் போதும். ஒரு வாரத்தில் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி பொங்கிக் கறுத்துவந்தால் பொட்ரியோஸ்பேரியா குடும்பமாக இருக்கப் பெரிய வாய்ப்பு. இன்னும் சில வாரம் விட்டால் பட்டைமேல் கடுகைவிடச் சின்னதாகக் கறுப்பு மொட்டுகள் எழும்பும். பூஞ்சாணம் பரவுகிற வித்துகள் அதற்குள்தான் இருக்கும்.

ஆய்வகத்தில் உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகாரில், பாக்டீரியா வளராமலிருக்க ஆன்டிபயாட்டிக் கலந்து, அரிசியளவுத் துண்டுகளை வைப்போம். லாசியோடிப்ளோடியா 3 நாளில் தட்டையே மூடிவிடும். பேயோமோனியெல்லா மிக மெதுவாக வளரும். அது கண்ணில் பட 2 வாரம், சில சமயம் 4 வாரம் ஆகும். படிக்கிற காலத்தில் ஒரு வாரத்தில் தட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு "இதில் ஒன்றும் இல்லை" என்று எழுதியவள் நான். அவசரப்பட்டால் வேகமாக வளர்கிறவனை மட்டும் பார்த்துவிட்டு, மெதுவாகக் கொல்கிறவனை விட்டுவிடுவோம். சரியான பெயர் வேண்டுமானால் நுண்ணோக்கியும் டி.என்.ஏ. சோதனையும் வேண்டும். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு ஆனைமலையான்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பிளந்த குச்சியைப் பழைய பேப்பரில் சுற்றி எடுத்துப்போய்க் கேளுங்கள். பிளாஸ்டிக்கில் கட்டினால் போகிற வழியிலேயே அழுகும்.

தொட்டித் தண்ணீர்

நாற்று நீங்களே போடுவதாக இருந்தால் இந்தப் பகுதிதான் முக்கியம்.

எங்கள் ஊர் வழக்கம் என்ன? கவாத்து நடக்கும்போது கீழே விழுகிற குச்சியைப் பொறுக்கிக் கட்டுக் கட்டாகக் கட்டி, சிமெண்ட் தொட்டியில் ஊறப்போட்டுவிடுவோம். 2 நாள், 3 நாள், ஆள் கிடைக்கும் வரை. 2015 நாற்று அப்படித்தான் 3 நாள் ஊறியது. தொட்டியில் நூறு கொடியின் குச்சி ஒன்றாகக் கிடந்தது. ஒரு கொடியில் இருந்த வித்து தண்ணீரில் இறங்கி, மற்ற எல்லாக் குச்சியின் வெட்டுவாய் வழியாகவும் உள்ளே போனது. வெட்டின குச்சி தண்ணீரை உறிஞ்சும், அதோடு வித்தையும் உறிஞ்சும். தென்னாப்பிரிக்காவிலும் ஸ்பெயினிலும் நாற்றங்கால்களின் ஊறல் தொட்டிகளையும் ஒட்டுக் கத்திகளையும் சோதித்து, பேயோமோனியெல்லாவை அவற்றிலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்தக் கட்டுரைகளைப் படித்த ராத்திரி எங்கள் தொட்டி என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

இப்போது செய்வது இதுதான். தாய்க்கொடியைக் காய்ப்புக் காலத்திலேயே தேர்ந்தெடுத்து, தண்டில் மஞ்சள் பெயிண்ட் அடித்துவிடுவேன். கொடியின் ஒரு கை (பெரிய கிளை) காய்ந்திருந்தாலும், இலையில் நரம்புக்கு நடுவே புலிக்கோடு மாதிரி காய்ந்திருந்தாலும் அந்தக் கொடி தாய் ஆகாது. சாரல் விழுகிற நாளில் குச்சி வெட்டுவதில்லை. தென்மேற்குப் பருவத்தில் கம்பத்துச் சாரல் எவ்வளவு சுகமோ, புது வெட்டுக் காயத்துக்கு அவ்வளவு கேடு. பந்தலுக்கடியில் கிடக்கும் பழைய கட்டையிலிருந்து வித்துகள் மழைத்துளியோடு தெறித்துவரும். சாரல் நின்று 3 நாள் காய்ந்த பிறகுதான் கத்திரி எடுப்போம். பென்சில் கனம், 4 கணு, அடியில் கணுவுக்குக் கீழே நேர்வெட்டு, மேலே சாய்வெட்டு. ஒரு தாய்க்கொடிக்கு ஒரு பக்கெட். கத்திரியைக் கொடிக்குக் கொடி ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும். ஊறல் 4 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அந்தத் தண்ணீரை அடுத்த கட்டுக்கு வைக்க வேண்டாம்.

இதில் கூலியாட்களுக்குச் சலிப்பு வரத்தான் செய்யும். எங்களிடம் 12 வருஷமாக வேலைக்கு வரும் அக்கா, பட்டுப்போன அந்தத் தண்டைப் பார்த்த பிறகு நான் சொல்லாமலே துடைக்க ஆரம்பித்தார். பிளந்த தண்டு ஒன்றைக் கொட்டகைச் சுவரில் இன்னும் மாட்டிவைத்திருக்கிறேன்.

வெந்நீர்

முற்றிய குச்சிக்கு மட்டும் வெந்நீர்ச் சிகிச்சை. 50 டிகிரி, 30 நிமிஷம். உள்மரத்தில் இருக்கும் பேயோமோனியெல்லாவை இது வெகுவாகக் குறைக்கும், நூற்புழுவும் சாகும். ஸ்பெயினில் 53 டிகிரி வரை சோதித்திருக்கிறார்கள், நான் 50-ஐத் தாண்டவிடுவதில்லை. அண்டாவும் விறகும் வைத்துச் செய்தால் ஒரு பக்கம் 46, ஒரு பக்கம் 56 என்று நிற்கும், மொட்டு வெந்துபோகும். 200 லிட்டர் டிரம்மில் தெர்மோஸ்டாட் வைத்த ஹீட்டர், தண்ணீரைச் சுழற்ற மீன்தொட்டிப் பம்பு, மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு தெர்மாமீட்டர். குச்சியைப் போட்டதும் சூடு இறங்கும். மறுபடி 50 ஏறிய பிறகே நேரத்தை எண்ணத் தொடங்குங்கள். எடுத்தவுடன் சுத்தமான பச்சைத்தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு, நிழலில் நீர் வடியவிடுங்கள். சூடோடு சாக்கில் கட்டினால் உள்ளுக்குள் புளித்துவிடும்.

நம் ஊர்க் கொடிக்குக் குளிர்நாட்டுக் கொடி மாதிரி முழுத் தூக்கம் கிடையாது. மரம் முற்றாமல் பச்சை நெட்டியோடு இருக்கும் குச்சி இந்தச் சூட்டில் செத்துவிடும். அதனால் முதல் வருஷம் 50 குச்சியை வெந்நீரிலும் 50 குச்சியைச் சும்மாவும் வைத்துப் பாருங்கள். வெந்நீர்க் குச்சி சில நாள் தாமதமாகத் துளிர்க்கும், பதற வேண்டாம்.

வெந்நீர் கெட்டவனை மட்டும் பார்த்துக் கொல்லாது. நல்ல குடிகளும் போய்விடும், காலி வீடு திறந்து கிடக்கும். வெப்பம் தாங்கும் பூஞ்சாணங்கள் கொஞ்சம் தப்பியும் இருக்கும். ஆகவே ஆறியதும் டிரைக்கோடெர்மா. லிட்டருக்கு 10 கிராம் தூள் கரைத்து அடிப்பாகத்தை அரை மணி நேரம் முக்கி, அன்றைக்கே புதுமண் பையில் ஊன்றிவிடுவேன். கார்பென்டசிம் மாதிரி பூஞ்சாணக்கொல்லியோ தாமிரமோ அன்று அடிப்பாகத்துக்குப் பக்கத்தில் வரக் கூடாது, டிரைக்கோடெர்மா செத்துவிடும். போன வருஷப் பை மண்ணை மறுபடி போட வேண்டாம், கரும்பாத நோய் மண்ணிலிருந்து வருவது.

மேல்வெட்டை மெழுகாலோ போர்டோ பசையாலோ மூடுங்கள். போர்டோ பசையில் தாமிரம் இருப்பதால் அது குச்சியின் அடிக்கு வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பையில் தாய்க்கொடியின் எண்ணை மார்க்கரில் எழுதுங்கள். வரிசை 4, கொடி 11 என்று. நடும்போது அந்த எண்ணை நோட்டில் ஏற்றுங்கள். 3 வருஷம் கழித்து ஒரு கொடி பட்டால் அதன் உடன்பிறப்புகள் எங்கே நிற்கின்றன என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். 2019-இல் நட்ட பாத்தியில் ஒரு கொடி காய்ந்ததும் நோட்டைப் பார்த்தோம், வரிசை 7, கொடி 3. அதே தாயின் நாற்று இன்னும் 8 நின்றன. இரண்டைத் தோண்டிப் பிளந்தோம், இரண்டிலும் கோடு. மீதி 6-ஐயும் எடுத்து அன்றைக்கே எரித்தோம். வரிசை 7, கொடி 3-இல் மஞ்சள் பெயிண்டுக்கு மேல் கறுப்புப் பெயிண்ட் அடித்தார் அப்பா.